இறைச்சிக் கழிவில் லாபம் தேட வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வாசலில் நிற்கும் கூட்டத்தை எல்லோரும் பார்க்கிறோம். அன்று மதியம் கடையின் பின்பக்கம் நிரம்பி நிற்கும் டிரம் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஏரிக்கரை, ஆற்றுப்படுகை, புறவழிச்சாலை ஓரம், ஊராட்சிக் குப்பைமேடு என்று அது போய்ச் சேரும் இடங்களை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். 2019இல் எடுக்கப்பட்ட 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலேயே அதிகக் கோழிகள் உள்ள மாநிலம் தமிழ்நாடு. எண்ணிக்கை 12 கோடியைத் தாண்டுகிறது. வெள்ளாடுகள் ஏறத்தாழ 99 லட்சம், செம்மறிகள் 45 லட்சம். இவற்றின் கழிவைக் காற்றுப் புகாத கலனில் செரிக்க வைத்து எரிவாயுவும் உரமும் எடுக்கலாம் என்ற யோசனை புதியதன்று. காதி கிராமத் தொழில் ஆணையம் 1960களில் ஊர் ஊராகக் கொண்டுசென்ற சாண எரிவாயுக் கலனின் அதே அடிப்படைதான் இது. ஆனால் இறைச்சிக் கழிவு என்றதும் ஒவ்வொரு முறையும் ‘கழிவிலிருந்து காசு’ என்ற முழக்கத்தோடு திட்டம் வருகிறது. அந்த முழக்கமே திட்டத்துக்கு எதிரியாகிவிடுகிறது. இந்தக் கலன்கள் நமக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் மின்சாரம் விற்று லாபம் காட்டுவோம் என்று சொல்லிக் கட்டினால் அவை நின்றுபோகும். குடிநீர் வடிகால் போல ஒரு துப்புரவுச் சேவையாகக் கட்டி, கழிவை உண்டாக்குபவரிடம் கட்டணம் வாங்கி, வாயுவும் உரமும் செலவில் ஒரு பங்கை ஈடுகட்டும் என்று நினைத்தால் நிலைக்கும்.

முதலில், கழிவு என்று எதைச் சொல்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஒரு வெள்ளாட்டை அறுத்தால் நம் ஊரில் வீணாவது மிகக் குறைவு. தலைக்கறி, கால், ஈரல், சுவரொட்டி, நுரையீரல், குடல் எல்லாவற்றுக்கும் வாடிக்கையாளர் உண்டு. ரத்தத்தைக்கூடப் பொரியலுக்குக் கேட்டு வாங்குகிறார்கள். தோல் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. மாட்டெலும்புக்கு ஜெலட்டின் ஆலைகளும் எலும்புத்தூள் ஆலைகளும் இருக்கின்றன. ஆக, ஆட்டுத்தொட்டியில் மிஞ்சுவது இரைப்பையில் பாதி செரித்துக் கிடக்கும் தீவனம், சாணம், பிடிக்காமல் விடப்பட்ட ரத்தம், கழுவிய தண்ணீர் ஆகியவைதான். கோழிக்கடையின் கதை வேறு. அங்கே இறகு, தலை, கால், குடல், பலர் வேண்டாம் என்று உரித்துவிடச் சொல்லும் தோல் என உயிர்எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு டிரம்முக்குள் போகிறது. இறகு கெரட்டின் என்ற கெட்டியான புரதத்தால் ஆனது. நுண்ணுயிர்கள் அதை எளிதில் தொடுவதில்லை. கலனுக்குள் மிதந்து குழாயை அடைக்கும். ஆட்டுத்தொட்டிக் கழிவுக்கு வரைந்த கலனில் கோழிக்கடை டிரம்மை அப்படியே கவிழ்த்தால் சில வாரங்களில் கலன் படுத்துவிடும். திட்ட அறிக்கைகளில் ‘இறைச்சிக் கழிவு இத்தனை டன்’ என்று ஒரே வரியில் எழுதப்படுவதைப் பார்த்தாலே அதை எழுதியவர் கறிக்கடைப் பக்கம் போனவரில்லை என்று தெரிந்துவிடும்.

இந்தக் கழிவைச் சாக்கடையில் விட முடியாது என்பதற்கான காரணம் எளிது. ரத்தத்தைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு லிட்டருக்கு ஒன்றரை லட்சம் மில்லிகிராம் அல்லது அதற்கும் மேல். வீட்டுச் சாக்கடை நீருக்கு அது 300 அளவில்தான் இருக்கும். ஒரு லிட்டர் ரத்தம் வாய்க்காலில் கலந்தால் சுமார் 500 லிட்டர் சாக்கடை நீர் கலந்த பாதிப்பு. இறைச்சிக்கூடங்கள் வெளியேற்றும் நீரில் இந்த அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2016இல் வரையறுத்தது. காற்றை ஊதிச் சுத்திகரித்து இந்த வரம்புக்குக் கொண்டுவருவதென்றால் மின்கட்டணம் எகிறும். காற்றில்லா முறையில் அந்தச் சுமையின் பெரும்பகுதி மீத்தேனாக மாறி வெளியேறுகிறது. மின்சாரம் செலவாவதற்குப் பதில் எரிபொருள் கிடைக்கிறது. அதுவும் நல்ல எரிபொருள். ஒரு கிலோ பச்சைச் சாணம் 40 லிட்டர் அளவுக்கு வாயு தரும். ஒரு கிலோ கொழுப்பு முழுதாகச் செரித்தாலோ சுமார் 1,000 லிட்டர் மீத்தேனே கிடைக்கும்; புரதத்தில் அதில் பாதி, மாவுச்சத்தில் இன்னும் சற்றுக் குறைவு.

இந்த எண்ணைப் பார்த்துத்தான் திட்டம் போடுபவர்கள் மயங்குகிறார்கள். கொழுப்பும் புரதமும் வாயுவை அள்ளித் தரும் அதே நேரத்தில் கலனைக் கெடுப்பவையும் அவையே. புரதம் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது; அது ஒரு லிட்டருக்கு மூன்று, நான்கு கிராம் என்று ஏறினால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். கொழுப்பு நீண்ட சங்கிலி அமிலங்களாக உடைந்து அந்த நுண்ணுயிர்களின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். மேலே நுரை பொங்கும். கரிமமும் நைட்ரஜனும் இருபதுக்கு ஒன்று முதல் முப்பதுக்கு ஒன்று வரையான விகிதத்தில் இருந்தால் கலன் சீராக ஓடும். ரத்தத்தில் இந்த விகிதம் மூன்றுக்கு ஒன்று அளவில்தான். எனவே இறைச்சிக் கழிவைத் தனியாகச் செரிக்க வைப்பது வீண் பிடிவாதம். காய்கறிச் சந்தைக் கழிவு, வாழைத்தண்டு, ஓட்டல் மிச்சம், இரைப்பைப் புல் ஆகியவற்றோடு அளவாகக் கலந்துதான் ஊட்ட வேண்டும். இன்னொரு சிக்கல் நம் நாட்காட்டியில் இருக்கிறது. நுண்ணுயிர்களுக்குத் தினமும் ஒரே அளவு தீனி வேண்டும். நம் கறிக்கடைகளோ ஞாயிறு அன்று பொங்கி வழிந்து திங்களன்று காய்ந்துவிடும். தீபாவளியிலும் பக்ரீத்திலும் மலைபோலக் குவியும். புரட்டாசி பிறந்தால் பாதிக் கடைகளில் ஈ ஓட்டுவார்கள். காய்கறிச் சந்தைக் கழிவோ வருடம் முழுவதும் வரும். அதை அடிப்படைத் தீனியாகவும் இறைச்சிக் கழிவைச் சத்துச் சேர்மானமாகவும் வைத்தால்தான் இந்த ஏற்ற இறக்கத்தைக் கலன் தாங்கும். சந்தையும் ஆட்டுத்தொட்டியும் ஒரே உள்ளாட்சியின் கையில் இருக்கும் ஊர்களில் இது நிர்வாகத்துக்குக் கடினமே இல்லை.

இனி பணக்கணக்குக்கு வருவோம். இப்படிக் கலந்த கழிவு டன்னுக்கு 100 கன மீட்டர் வாயு தருவதாக வைத்துக்கொள்வோம். கொழுப்பு கூடினால் கூடும், இரைப்பைப் புல் கூடினால் குறையும். அதை எஞ்சினில் எரித்து மின்சாரமாக்கினால் சுமார் 200 யூனிட்; யூனிட்டுக்கு ₹6 கிடைத்தாலும் ₹1,200தான். சுத்திகரித்து அழுத்தி வாகன எரிபொருளாக்கினால் 40 கிலோ தேறும். இந்த எரிபொருளுக்கான மத்திய அரசின் சதாத் திட்டம் 2018இல் தொடங்கியபோது எண்ணெய் நிறுவனங்கள் அறிவித்த கிலோ ₹46 விலையில் ₹1,840. சுத்திகரிப்புச் செலவை இதில்தான் கழிக்க வேண்டும். 5,000 ஆலைகள் என்று அறிவித்துத் தொடங்கிய அந்தத் திட்டம் குறித்த காலத்தில் அந்த எண்ணை நெருங்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். சுத்திகரிக்காமல் அடுப்புக்கோ கொதிகலனுக்கோ நேராகக் கொண்டுபோனால் அதே 100 கன மீட்டர் சுமார் 45 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடாகும். வணிக சிலிண்டர் ₹1,800 என்று வைத்தால் ₹4,200 அளவுக்குச் செலவு மிச்சம். ஆக, எல்லோரும் முதலில் சொல்லும் மின்சாரம்தான் இருப்பதிலேயே மட்டமான வழி. முறையான இறைச்சிக்கூடத்துக்கு வெந்நீர் எந்நேரமும் வேண்டும். கத்திகளையும் கொக்கிகளையும் நோய்க்கிருமி நீக்க 82 டிகிரி வெந்நீர் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் அளவு. வாயு பிறக்கும் இடத்திலேயே அதற்கு வேலை காத்திருக்கும்போது, அதை மின்சாரமாக்கி வெப்பத்தில் பாதிக்கு மேல் வீணடிப்பது, திறப்பு விழாவில் விளக்கு எரிய வேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறெதற்கும் உதவாது. வெப்பமாகப் பயன்படுத்தினாலும்கூட, வண்டி, ஓட்டுநர், அரவை இயந்திரம், ஆய்வகம், பராமரிப்பு, முதலீட்டு வட்டி எல்லாம் கூட்டினால் இந்த வருமானம் மட்டும் ஆலையை நடத்தப் போதாது.

உரம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். சத்தில் குறையில்லை. ஒரு டன் ரத்தத்தில் ஏறத்தாழ 30 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. 60 கிலோவுக்கு மேற்பட்ட யூரியாவில் உள்ள அளவு அது. செரிமானத்தில் நைட்ரஜன் எங்கும் போய்விடுவதில்லை. பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் அம்மோனிய வடிவத்துக்கு அதில் பெரும்பங்கு மாறி, கலனிலிருந்து வெளிவரும் ஸ்லரியில் தங்குகிறது. கூடவே பாஸ்பரஸ், நுண்சத்துகள், மண்ணுக்கு வேண்டிய கரிமம் ஆகியவையும் வருகின்றன. யூரியா மூட்டையில் இவை கிடையாது. ஆனால் விவசாயியின் கையில் 45 கிலோ யூரியா மூட்டை ₹266.50க்குக் கிடைக்கிறது. அந்த விலையில் கணக்கிட்டால் நம்முடைய 30 கிலோ நைட்ரஜனின் மதிப்பு ₹400ஐக்கூட எட்டாது. ஸ்லரியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். டேங்கரில் ஏற்றி ஐம்பது கிலோமீட்டர் கொண்டுபோனால் டீசல் செலவே அதைத் தின்றுவிடும். யூரியாவுக்குக் கருவூலம் கொட்டும் மானியத்தை நினைத்தால் நாட்டுக்கு ஸ்லரி லாபம், ஆலைக்கு நஷ்டம். புளிக்கவைத்த இயற்கை உரத்துக்கு டன்னுக்கு ₹1,500 சந்தை உதவி என்று மத்திய அரசு 2023இல் அறிவித்தது இந்தக் கோணலைக் கொஞ்சம் நிமிர்த்தும் முயற்சிதான். ஆனாலும் ஸ்லரியை விற்பனைப் பொருளாகப் பார்ப்பதைவிட, பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் வாழை, கரும்பு, தென்னை, தீவனப்புல் சாகுபடியாளர்களுக்குத் தோட்டத்திலேயே இறக்கிக் கொடுப்பது புத்திசாலித்தனம். திறந்த குட்டையில் தேக்கி வைத்தால் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும். எஞ்சிய மீத்தேனும் காற்றில் கலக்கும். நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 27 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் வாயு அது. மூடி வைக்கத் தெரியாதவர்கள் இந்தத் தொழிலில் இறங்குவதைவிடச் சும்மா இருப்பது மேல்.

அப்படியானால் உலகில் வென்ற இடங்கள் எப்படி வென்றன? அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது ஸ்வீடனின் லின்ஷோப்பிங் நகரம். அங்கே 1990களின் பிற்பகுதியிலிருந்து இறைச்சிக்கூடக் கழிவைச் செரிக்கவைத்து நகரப் பேருந்துகளை ஓட்டுகிறார்கள். 2005இல் அந்த வாயுவில் ஒரு ரயிலையே ஓடவிட்டார்கள். ரயிலைப் பற்றி எழுதுபவர்கள் விட்டுவிடும் செய்தி இரண்டு உண்டு. ஸ்வீடன் 1991லேயே பெட்ரோல், டீசலுக்குக் கரிம வரி விதித்துவிட்டது. 2005லிருந்து மட்கும் கழிவைக் குப்பைக்கிடங்கில் கொட்டவே தடை. கொட்ட இடமில்லாதவர் கட்டணம் கொடுத்தாவது ஆலைக்கு அனுப்புவார். டீசலுக்கு வரி கட்டுபவர் மாற்று எரிபொருளுக்கு நல்ல விலை தருவார். நுண்ணுயிர்கள் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். நம் நாட்டில் இந்தூரில் 2022இல் திறக்கப்பட்ட நாளொன்றுக்கு 550 டன் திறனுள்ள ஆலை ஓடுவதற்கும் காரணம், வீட்டு வாசலிலேயே ஈரக்கழிவைப் பிரித்து வாங்கும் பழக்கத்தை அந்த மாநகராட்சி ஆலைக்கு முன்பே ஏற்படுத்திவிட்டதுதான். சென்னை கோயம்பேடு சந்தையில் 2005இல், நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க ஓர் ஆலை நிறுவப்பட்டது. அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுத் துணையும் அதற்கு இருந்தது. ஆசியாவின் பெரிய சந்தைகளில் ஒன்று பக்கத்திலேயே இருந்தும் அது நீடித்து ஓடவில்லை. அறிவியல் இல்லாமல் போனதால் வந்த குறை இல்லை அது.

எதிர்வாதங்களில் வலுவானது இது: கோழிக் கழிவை வேகவைத்து, கொழுப்பைப் பிரித்து, பொடியாக்கி, மீன் தீவனமாகவும் நாய்த் தீவனமாகவும் விற்றால் அதிகக் காசு வருமே, எதற்குச் செரிக்க வைக்க வேண்டும்? கேரளம் அந்த வழியில்தான் போகிறது. அங்கே கடைகள் கழிவைக் கிலோக் கணக்கில் கட்டணம் கொடுத்தே ஆலைக்கு அனுப்புகின்றன. சுத்தமாக, சில மணி நேரத்துக்குள், குளிரூட்டிய வண்டியில் வந்துசேரும் கோழிக்குடலுக்கும் தலைக்கும் அதுவே மேலான வழி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், உணவாகக்கூடியது உணவாகட்டும். இறகையும் அந்த ஆலைகள் உயர் அழுத்தத்தில் வேகவைத்து எடுத்துக்கொள்ளும். ஆனால் மதிய வெயிலில் நான்கு மணி நேரம் நின்ற டிரம், இரைப்பைப் புல், தரை கழுவிய ரத்தநீர், தீவன ஆலையின் கழிவுநீர் ஆகியவற்றுக்குத் தீவனச் சந்தையில் இடமில்லை. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சிக் கழிவைக் கறவை, இறைச்சிக் கால்நடைகளுக்குத் தீவனமாக்குவதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டிருக்கிறது. மாட்டின் எலும்புத்தூளை மாட்டுக்கே ஊட்டிய பிரிட்டன் 1980களிலும் 1990களிலும் பித்துமாட்டு நோய்க்குக் கொடுத்த விலையை அறிந்தவர்கள் அந்தத் தடையை அதிகம் என்று சொல்ல மாட்டார்கள். தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திக் குட்டைகளில் இந்தக் கழிவு கள்ளத்தனமாகக் கொட்டப்படுவதும் ‘தீவனம்’ என்ற பெயரில்தான்.

நோய் பற்றிய அச்சத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. சாணக் கலனின் மிதமான வெப்பத்தில் சால்மோனெல்லா போன்றவை குறையுமே தவிர ஒழியாது. ஐரோப்பிய விதிகளின்படி கழிவை 12 மில்லிமீட்டருக்குள் அரைத்து, 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்த பிறகே கலனுக்குள் விட வேண்டும். ஆபத்து கூடிய வகையை 133 டிகிரியில், 3 பார் அழுத்தத்தில், 20 நிமிடம் வேகவைக்க வேண்டும். பித்துமாட்டு நோய்க்கு இடம் தரும் உறுப்புகளுக்கு உரக்கலனில் அனுமதியே இல்லை. நாமும் இந்தப் பிரிவினையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 70 டிகிரிக்கு வேண்டிய வெப்பத்தைக் கலனின் வாயுவே தரும். ஆந்த்ராக்ஸ் வித்துகள் 70 டிகிரிக்குச் சாகாது. ஆகவே நோயில் செத்த, கால்நடை மருத்துவர் ஒதுக்கிய விலங்கு எக்காரணம் கொண்டும் கலனுக்குப் போகக் கூடாது, எரியூட்டத்தான் வேண்டும். கீரைப் பாத்திகளுக்கு இந்த ஸ்லரி வேண்டாம். இறைச்சிக்கூடத்து உரத்தை விவசாயிகள் தொடுவார்களா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. எலும்புத்தூள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் பட்டியலில் உள்ள பொருள். மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்த மீன் அமிலம் இயற்கை விவசாயிகளின் கைமருந்து.

மிஞ்சி நிற்பது கட்டணம் பற்றிய மறுப்பு. கழிவைக் கொடுக்கக் காசு கேட்டால் கடைக்காரர் இரவோடு இரவாக ஏரியில் கொட்டமாட்டாரா? கொட்டுவார். கேரளத்து மருத்துவக் கழிவு 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்து ஊர்களில் வந்து கிடந்ததும், அதைத் திரும்ப அள்ளிப்போகும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் எதைக் காட்டுகின்றன? முறையாக ஒழிக்கும் செலவைவிட லாரி வாடகை மலிவாக இருந்தால் கழிவு எல்லை தாண்டியும் பயணம் செய்யும். அதனால் கட்டணத்தை டிரம்மின் எடைக்கு விதிக்கக் கூடாது. கடை வாங்கும் உயிர்க்கோழியின் எடைக்கு விதிக்க வேண்டும். கழிவைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும் என்றால் ஏரிக்குக் கொண்டுபோவதில் மிச்சம் எதுவும் இல்லை. கிலோவுக்கு 50 காசு என்று வைத்துப் பாருங்கள். ஒரு டன் கழிவு உண்டாக 3,300 கிலோ கோழி அறுக்க வேண்டும், கட்டணம் ₹1,650. மின்சாரம் விற்றுக் கிடைக்கும் ₹1,200ஐவிட இது அதிகம். பல்லடத்தில் அறிவிக்கப்படும் பண்ணைக் கொள்முதல் விலை ஒரே வாரத்தில் பல ரூபாய் ஏறி இறங்குவதைப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு இந்த 50 காசு கண்ணில் படாது. சிறு கடைக்காரரை இது நசுக்கும் என்பதும் சரியில்லை. விற்பனைக்கு ஏற்பத்தான் கட்டணம், கூடவே தினமும் மதியம் டிரம்மை எடுத்துக்கொண்டு கழுவிய டிரம்மைக் கொடுத்துவிட்டுப் போகும் வண்டி. இன்று அவர் அதற்காக யார் யாருக்கோ கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

மாநகராட்சிகளும் நகராட்சிகளும் அடுத்து விடும் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனையை மாற்றட்டும்: எத்தனை யூனிட் மின்சாரம் எடுத்தார் என்பதற்குப் பதில், எத்தனை டன் கழிவை வாங்கி விதிப்படி செரிக்க வைத்தார் என்பதற்கு ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்கட்டும். வாயு அவருடையதாக இருக்கட்டும். அதை வீணாக்காமல் இருக்க வேறு தூண்டுதல் வேண்டியதில்லை. கட்டணத்தைக் கறிக்கடை உரிமம் புதுப்பிக்கும்போது கொள்முதல் ரசீதைப் பார்த்து வசூலிக்கலாம். இதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை. கழிவை உண்டாக்குபவரிடம் பயனாளர் கட்டணம் வசூலிக்கும் அதிகாரத்தை திடக்கழிவு மேலாண்மை விதிகளே உள்ளாட்சிகளுக்குத் தந்துவிட்டன. தேவைப்படுவது மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம்.